சமபங்கு நியாயமான பங்குதானா?

பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்கோ வேலைக்கோ வெளியூர் போகும் நாள் உங்களுக்கும் வரும். அங்கே தனி வீடு எடுத்துத் தங்க எல்லாராலும் முடிவதில்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பார்கள். ஒரே அடுப்பு, ஒரே தண்ணீர்க் குழாய், ஒரே மின்சார மீட்டர். முதல் மாதம் எல்லாம் நன்றாகவே போகும். இரண்டாம் மாத முடிவில் மின்சார பில் வரும். அன்றைக்குத்தான் நட்புக்குச் சோதனை!

"ஆளுக்குப் பாதி" என்பார் ஒருவர். "நான் பகலெல்லாம் வீட்டிலேயே இல்லையே, எனக்கு எதற்குப் பாதி?" என்பார் மற்றவர். இருவரும் நல்லவர்களே. இருவரும் கணக்குத் தெரிந்தவர்களே. ஆனாலும் மனத்தாங்கல் வந்துவிடுகிறது. ஏன்?

சமமாகப் பிரிப்பதும் நியாயமாகப் பிரிப்பதும் ஒன்றே என்று நாம் நினைத்துவிடுவதுதான் காரணம். அவை இரண்டும் ஒன்றல்ல. நியாயமான பங்கு எது என்ற கேள்வியைக் கணித அறிஞர்கள் ஆழமாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதற்கு உயர்ந்த கணிதம் வேண்டியதில்லை. கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். வாருங்கள், பார்ப்போம்.

முதலில் அளந்து பார்ப்போம்

ஒரு வீட்டில் இருவர் தங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் பள்ளி ஆசிரியர். மற்றவர் இரவுப் பணிக்குப் போகும் கணிப்பொறி ஊழியர். பகலில் தூங்க வேண்டியவர் என்பதால், தம் அறையில் ஏ.சி. வைத்திருக்கிறார்.

1000 வாட் திறனுள்ள ஒரு கருவி 1 மணி நேரம் ஓடினால் செலவாகும் மின்சாரம் 1 யூனிட். இது உங்கள் இயற்பியல் பாடத்தில் வருவதுதான். 75 வாட் மின்விசிறி நாள்தோறும் 10 மணி நேரம் சுழன்றால், 60 நாட்களில் 75 × 10 × 60 = 45,000 வாட்-மணி, அதாவது 45 யூனிட். ஏ.சி. இயந்திரத்தின் கம்ப்ரஸர் இடையிடையே நின்று நின்று ஓடும். சராசரியாக 900 வாட் எடுத்துக்கொண்டு நாளுக்கு 6 மணி நேரம் ஓடுவதாகக் கொண்டால், 60 நாட்களில் 324 யூனிட்!

இரு மாதக் கணக்கை இப்படி எழுதலாம். ஆசிரியருக்கு மின்விசிறி 45, பொதுவான குளிர்பதனப் பெட்டியில் பாதி 30, விளக்கு, இஸ்திரிப் பெட்டி முதலியவை 25; ஆக 100 யூனிட். கணிப்பொறி ஊழியருக்கு ஏ.சி. 324, மின்விசிறி 36, குளிர்பதனப் பெட்டியில் பாதி 30, மற்றவை 10. ஆக 400 யூனிட். வீட்டு மீட்டர் காட்டுவது 500 யூனிட்.

இனி கட்டணம். மின் கட்டணம் பல இடங்களில் படிமுறையில் அமைந்திருப்பதை அறிவீர்கள். குறைவாகச் செலவிடுவோருக்குச் சலுகை; யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். தமிழ்நாட்டில் 2016-ஆம் ஆண்டில், வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை முதல் 100 யூனிட் இலவசம் என்ற சலுகை வந்தது. கட்டண வீதங்கள் அவ்வப்போது மாறுபவை. ஆகையால் நம் கணக்குக்காக ஒரு கற்பனை வீதத்தை அமைத்துக்கொள்வோம்: முதல் 100 யூனிட் இலவசம், 101 முதல் 300 வரை யூனிட்டுக்கு ரூ. 4, 300-க்கு மேல் யூனிட்டுக்கு ரூ. 8.

500 யூனிட்டுக்குக் கட்டணம் என்ன? முதல் 100-க்கு ஒன்றுமில்லை. அடுத்த 200-க்கு ரூ. 800. கடைசி 200-க்கு ரூ. 1600. மொத்தம் ரூ. 2400.

ஆளுக்குப் பாதி

சமபங்கு போட்டால் ஆளுக்கு ரூ. 1200. இம்முறையில் ஒரு வசதி உண்டு. எதையும் அளக்க வேண்டாம். ஒருவரை ஒருவர் கண்காணிக்கவும் வேண்டாம். குடிநீர்க் கட்டணம், துப்புரவுப் பணியாளரின் சம்பளம் போன்றவற்றுக்கு இதுவே போதும். அவற்றை எல்லாரும் ஏறத்தாழ ஒரே அளவில் அனுபவிக்கிறோம் அல்லவா?

மின்சாரத்தில் அப்படியில்லை. 100 யூனிட் செலவிட்டவரும் 400 யூனிட் செலவிட்டவரும் ஒரே தொகை கட்டுகிறார்கள். குறை இதோடு முடிவதில்லை. இன்னொன்றும் இருக்கிறது, அது கண்ணுக்கு எளிதில் தெரியாது.

ஏ.சி.யை இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டலாமா என்று ஊழியர் யோசிக்கிறார். அதற்கு ஆகும் செலவு 0.9 யூனிட், அதாவது ரூ. 7.20. ஆனால் அவர் கையிலிருந்து போவது ரூ. 3.60 மட்டுமே. மீதி ஆசிரியருடையது! அவர் வேண்டுமென்று ஏமாற்றவில்லை. ஆனால் பாதி விலையில் கிடைக்கும் பொருளை யாரும் சற்றுத் தாராளமாகவே செலவழிப்பார்கள். ஆசிரியரும் ஒரு நாள் "எப்படியும் பாதி கட்டப்போகிறோம்" என்று எண்ணித் தாமும் ஒரு ஏ.சி. வாங்கிவிடலாம். அப்போது பில் என்னவாகும்?

இது வெறும் ஊகமன்று. இஸ்ரேல் நாட்டு ஆய்வாளர்கள் மாணவர்களை அறுவர் அறுவராக ஓர் உணவகத்துக்கு அழைத்துச் சென்று சோதித்தார்கள். அவரவர் உண்டதற்கு அவரவர் பணம் கட்ட வேண்டும் என்று சொல்லப்பட்ட குழுக்களில், ஒருவர் சராசரியாகச் சுமார் 37 ஷெகலுக்கு உணவு கேட்டார். மொத்த பில்லைச் சமமாகப் பிரிப்போம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழுக்களிலோ சராசரி சுமார் 51 ஷெகலாக உயர்ந்துவிட்டது. இந்த ஆய்வு 2004-இல் வெளியாயிற்று. பங்கிடும் விதி, பங்கிட வேண்டிய தொகையையே மாற்றிவிடுகிறது என்பது இதிலிருந்து விளங்குகிறதல்லவா?

உபயோகத்துக்கு ஏற்ற பங்கு

அப்படியானால் செலவிட்ட யூனிட்டின் விகிதத்தில் பிரிக்கலாமே? 100-க்கு 400, அதாவது 1-க்கு 4. ஆசிரியர் ரூ. 480, ஊழியர் ரூ. 1920.

இது மிகப் பழைய முறை. கி.பி. 1150-இல் பாஸ்கரர் எழுதிய 'லீலாவதி'யில் இத்தகைய கணக்கு உண்டு. மூன்று வணிகர்கள் முறையே 51, 68, 85 எனப் பணம் போட்டுக் கூட்டு வணிகம் செய்கிறார்கள். அது 300 ஆகப் பெருகுகிறது. ஒவ்வொருவருக்கும் எவ்வளவு? போட்ட முதல் 204. எனவே 300-ஐ அதே விகிதத்தில் பிரித்தால் 75, 100, 125. சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வணிகர்களின் பணத்தில் ஒவ்வொரு காசும் ஒரே மதிப்புடையது. நம் மின்சார பில்லில் அப்படியா? ஒரு யூனிட் இலவசம், இன்னொன்று ரூ. 4, மற்றொன்று ரூ. 8! இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

இருவர் வாதமும் சரியே

ஆசிரியர் சொல்கிறார்: "நான் தனி வீட்டில், தனி மீட்டரோடு இருந்தால் என் 100 யூனிட்டுக்கு ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. ஆகவே 2400 முழுவதையும் நீங்களே கட்டுவதுதான் முறை."

ஊழியர் சொல்கிறார்: "நான் தனியாக இருந்தால் 400 யூனிட்டுக்கு ரூ. 1600 கட்டியிருப்பேன். நீங்கள் வந்து சேர்ந்ததால்தான் பில் 2400 ஆயிற்று. அந்த 800 உங்களால் வந்தது. அதை நீங்கள்தான் கட்ட வேண்டும்."

யார் சொல்வது சரி? இருவர் கணக்கிலும் பிழை இல்லை! ஆசிரியர் தம்மை முதலில் குடிவந்தவராக வைத்துக் கணக்கிடுகிறார். ஊழியரும் அப்படியே தம்மை முதலில் வைத்துக்கொள்கிறார். முதலில் வருபவருக்கு இலவச யூனிட்டும் மலிவான யூனிட்டும் கிடைக்கின்றன. பின்னால் வருபவர் தலையில் 8 ரூபாய் யூனிட் விழுகிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

லாயிட் ஷாப்லி என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1953-இல் இதற்கு ஓர் அழகான வழி சொன்னார். யார் முதலில் வந்தவர் என்று சண்டை போடாதீர்கள். வரக்கூடிய வரிசைகள் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் ஒருவர் வந்து சேர்வதால் செலவு எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள். பிறகு அவற்றின் சராசரியை எடுங்கள்.

நம் வீட்டில் வரிசைகள் இரண்டே. ஆசிரியர் முதலில் வந்தால் அவர் பங்கு 0. பின்னால் வந்தால் 800. சராசரி ரூ. 400. ஊழியர் முதலில் வந்தால் 1600; பின்னால் வந்தால் 2400. சராசரி ரூ. 2000. இரண்டையும் கூட்டினால் 2400. கணக்கு நேராகிவிட்டது!

வேறு விதமாகவும் இதைப் பார்க்கலாம். இருவரும் தனித்தனியே இருந்தால் கட்டும் தொகை 0 + 1600 = 1600. சேர்ந்து வாழ்வதால் மீட்டர் ஒன்றாகி, ரூ. 800 கூடுதலாகிறது. அந்தக் கூடுதல் யாருடைய தனிக் குற்றமும் அன்று. ஆகவே ஆளுக்கு 400 ஏற்றுக்கொள்கிறார்கள்.

நான்கு நிபந்தனைகள்

சராசரி எடுப்பதில் என்ன பெரிய விந்தை என்று கேட்பீர்கள். விந்தை இனிமேல்தான் வருகிறது. ஒரு நியாயமான விதிக்கு இருக்க வேண்டிய தன்மைகளை ஷாப்லி பட்டியலிட்டார். நம் வீட்டுப் பேச்சில் சொன்னால் அவை இவை:

1. பங்குகளைக் கூட்டினால் பில் தொகை சரியாக வர வேண்டும்.
2. செலவை ஒரே அளவில் ஏற்றும் இருவருக்கு ஒரே பங்கு வர வேண்டும்.
3. யாரால் செலவு சிறிதும் கூடவில்லையோ அவருக்குப் பங்கு கிடையாது.
4. இரண்டு பில்களைத் தனித்தனியே பிரித்துக் கூட்டினாலும், ஒன்றாகச் சேர்த்துப் பிரித்தாலும் ஒரே விடை வர வேண்டும்.

இவற்றில் எதையாவது நீங்கள் மறுப்பீர்களா? அநேகமாக மாட்டீர்கள். இந்த நான்கையும் ஒருசேர நிறைவேற்றும் விதி ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது வரிசைகளின் சராசரிதான் என்று ஷாப்லி நிறுவிக் காட்டினார். நிபந்தனைகளை நாம் ஒப்புக்கொண்டோமானால் விடை தானாகவே வந்து நிற்கிறது. ஷாப்லி 2012-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அப்பரிசு அவருடைய வேறோர் ஆய்வுக்காக வழங்கப்பட்டது.

இம்முறையில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. மூவர் இருந்தால் வரிசைகள் 6, நால்வருக்கு 24, ஐவருக்கு 120. பத்துப் பேருக்கோ 36,28,800! நல்லவேளையாக, சில பில்களுக்குக் குறுக்கு வழி இருக்கிறது.

படிப்படியாக ஒரு பங்கு

நம் வீட்டுக்கு மூன்றாவதாக ஒருவர் வருகிறார். அவர் திரைப்படத் தொகுப்பாளர். வீட்டுக்கு இன்டர்நெட் இணைப்பு வாங்க வேண்டும். செய்தி படிக்க மட்டும் பயன்படுத்தும் ஆசிரியருக்கு மாதம் ரூ. 300 திட்டமே போதும். ஊழியருக்கு ரூ. 600 திட்டம் தேவை. பெரிய படக் கோப்புகளை அனுப்பும் தொகுப்பாளருக்கு ரூ. 900 திட்டம் இல்லாமல் முடியாது. ரூ. 900 திட்டத்தையே வாங்குகிறார்கள். பங்கு என்ன?

மாடிப்படி ஏறுவதுபோல் ஏறுங்கள். முதல் 300 ரூபாய் மூவருக்கும் தேவை, ஆளுக்கு 100. அடுத்த 300 ரூபாய் இருவருக்கே தேவை, ஆளுக்கு 150. கடைசி 300 ஒருவருக்காகவே; அவரே கட்டட்டும். ஆக, ஆசிரியர் ரூ. 100, ஊழியர் ரூ. 250, தொகுப்பாளர் ரூ. 550. மொத்தம் 900. ஆறு வரிசைகளையும் எழுதிச் சராசரி எடுத்துப் பாருங்கள். இதே விடை வரும்.

இதில் யாருக்கும் நட்டமில்லை என்பதைக் கவனித்தீர்களா? தனியாக வாங்கியிருந்தால் கொடுக்க வேண்டிய 300, 600, 900-ஐ விட ஒவ்வொருவரும் குறைவாகவே கொடுக்கிறார்கள். மின்சாரத்தில் சேர்ந்து வாழ்வது செலவைக் கூட்டியது, இங்கே குறைக்கிறது.

விமான நிலையங்களுக்கும் இதே சிக்கல் உண்டு. சிறிய விமானத்துக்குக் குறுகிய ஓடுபாதை போதும். பெரிய விமானத்துக்கு நீண்ட பாதை வேண்டும். போடுவதோ ஒரே பாதை. இறங்கும் விமானங்களிடம் எவ்வளவு வசூலிப்பது? 1970-களில் இங்கிலாந்தின் பர்மிங்காம் விமான நிலையக் கணக்கை எடுத்துக்கொண்டு, இதே படிமுறையால் ஆய்வாளர்கள் விடை கண்டார்கள். ஓடுபாதையின் கணக்கும் நம் மூன்று நண்பர்களின் கணக்கும் ஒன்றே!

பெரிய அறை யாருக்கு?

இனி வாடகை. வீட்டில் இரண்டு அறைகள். ஒன்று பெரியது, ஜன்னல் உள்ளது. மற்றது சிறியது. மொத்த வாடகை ரூ. 12,000. இங்கே அளக்க மீட்டர் இல்லை. காற்று முக்கியம் என்பவர் ஒருவர். தூங்க இருட்டறை நல்லது என்பவர் ஒருவர். என்ன செய்வது?

ஒரு பண்டத்தை இரு பிள்ளைகளுக்குப் பிரிக்கும் தாய் என்ன செய்வாள்? "நீ பிட்டு வை, அவன் முதலில் எடுத்துக்கொள்ளட்டும்" என்பாள். அதையே இங்கே செய்யுங்கள். ஒருவர் இரு அறைகளுக்கும் வாடகையை எழுதட்டும். எந்த அறை கிடைத்தாலும் தமக்குச் சம்மதம் என்று தோன்றும் அளவில் எழுத வேண்டும். பெரியதற்கு 7,000, சிறியதற்கு 5,000 என்று எழுதுகிறார் என்க. மற்றவர் தமக்குப் பிடித்த அறையை எடுத்துக்கொள்ளட்டும். இருவரில் யாருக்கும் மற்றவரைப் பார்த்துப் பொறாமை வராது. யார் எழுதுவது என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யலாம்.

மூவரும் மூன்று அறைகளும் என்றால்? அப்போதும் முடியும். 1928-இல் எம்மானுவேல் ஸ்பெர்னர் என்ற ஜெர்மன் கணித அறிஞர் ஒரு தேற்றம் கண்டார். நீங்களே செய்து பாருங்கள். ஒரு பெரிய முக்கோணம் வரைந்து, அதைப் பல சிறு முக்கோணங்களாகப் பிரியுங்கள். பெரிய முக்கோணத்தின் முனைகளில் 1, 2, 3 என்று எழுதுங்கள். பக்கங்களின் மேலுள்ள புள்ளிகளில், அந்தப் பக்கத்தின் இரு முனைகளிலுள்ள எண்களில் ஏதேனும் ஒன்றை எழுதுங்கள். உள்ளே உள்ள புள்ளிகளில் 1, 2, 3-இல் எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். எப்படி எழுதினாலும், மூன்று முனைகளிலும் 1, 2, 3 மூன்றும் அமைந்த சிறு முக்கோணம் ஒன்றாவது இருந்தே தீரும்! தப்பிக்க முயன்று பாருங்கள், முடியாது.

பிரான்சிஸ் சூ என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1999-இல் இத்தேற்றத்தை அறை வாடகைக்குப் பயன்படுத்தினார். முக்கோணத்தின் ஒவ்வொரு புள்ளியும், வாடகையைப் பிரிக்கும் ஒரு முறை. இந்த விலையில் எந்த அறை வேண்டும் என்று புள்ளிக்குப் புள்ளி மூவரிடமும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே போனால், மூவரும் வெவ்வேறு அறையைக் கேட்கும் இடம் ஒன்று அகப்படும். எல்லாரும் ஓர் அறைக்கே அடித்துக்கொள்ளாத விலை உண்டு என்பதற்கு இது சான்று.

யார் யாருக்குக் கொடுப்பது?

பங்கு தெரிந்தது. ஆனால் மாதம் முழுவதும் ஒருவர் அரிசி வாங்குகிறார், ஒருவர் கேஸ் சிலிண்டருக்குக் கொடுக்கிறார், ஒருவர் காய்கறி வாங்குகிறார். ஒவ்வொன்றுக்கும் உடனுக்குடன் பணம் கைமாறினால் தலை சுற்றும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மாத முடிவில் மூவரும் செலவழித்தது 3000, 1800, 600 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 5400, ஆளுக்கு 1800. மூன்றாமவர் முதலாமவரிடம் 1200 கொடுத்தால் எல்லாம் முடிந்தது. இரண்டாமவர் சும்மா இருக்கலாம்.

எத்தனை பேர் இருந்தாலும், அந்த எண்ணிக்கையில் ஒன்று குறைந்த தடவைகளுக்குள் கணக்கைத் தீர்த்துவிடலாம். ஏன் தெரியுமா? தர வேண்டியவர் ஒருவரும் பெற வேண்டியவர் ஒருவரும் சேர்ந்து, இரண்டில் சிறிய பாக்கியைக் கைமாற்றினால், ஒருவர் கணக்காவது பூச்சியமாகிவிடும். கடைசித் தடவையில் இருவர் கணக்கும் ஒரே நேரத்தில் பூச்சியமாகும்.

கணிதம் சொல்லாதது

இவ்வளவு கணக்குப் போட்டோம். ஒரே மின்சார பில்லுக்கு ஆசிரியரின் பங்கு 1200, 480, 400 என மூன்று விடைகள் வந்தன. எது சரியான விடை? கணிதம் அதை மட்டும் சொல்லாது. "எது நியாயம் என்று நீங்கள் கருதுவதைச் சொல்லுங்கள், அதிலிருந்து என்ன விளையும் என்று நான் சொல்கிறேன்" என்றே கணிதம் சொல்லும்.

மூவரில் ஒருவருக்கு வேலை போய்விட்டது என்க. இரண்டு மாதம் அவர் பங்கை மற்றவர்கள் ஏற்கலாம். இதை எந்தச் சூத்திரமும் கட்டளையிடவில்லை, தடுக்கவும் இல்லை. ஆனால் உண்மையான பங்கு எவ்வளவு என்று தெரிந்திருந்தால்தான், விட்டுக்கொடுப்பது எவ்வளவு என்பதும் தெரியும். தெரியாமல் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருப்பவர் மனத்தில்தான் கசப்பு ஊறுகிறது.

ஆகவே ஒன்றை மறவாதீர்கள். விதியை பில் வருவதற்கு முன்பே பேசி எழுதிவிடுங்கள். பில் வந்தபின் பேசினால், அவரவருக்கு லாபமான விதியே அவரவருக்கு நியாயமாகத் தோன்றும். ஏ.சி. அறை நமக்கு வருமா, சிறிய அறை வருமா என்று தெரியாத நாளில் எழுதும் விதியில்தான் நடுநிலை இருக்கும்.

உங்களுக்கு ஒரு கணக்கு

தரைத்தளமும் அதன்மேல் மூன்று மாடிகளும் கொண்ட ஒரு கட்டடம். தளத்துக்கு ஒரு குடும்பம். லிஃப்டின் மாதச் செலவு ரூ. 1800, மாடிக்கு ரூ. 600 வீதம் என்று கொள்க. நான்கு குடும்பங்களின் பங்கு என்ன? படிமுறையில் போட்டுப் பாருங்கள்.

விடை: தரைத்தளம் 0, முதல் மாடி ரூ. 200, இரண்டாம் மாடி ரூ. 500, மூன்றாம் மாடி ரூ. 1100. ஆனால் தரைத்தளத்துப் பாட்டி வடாம் காயவைக்க மூன்றாம் மாடி வரை லிஃப்டில் போய், அங்கிருந்து படியேறி மொட்டை மாடிக்குச் செல்கிறார் என்றால்? கணக்கை மீண்டும் போடுங்கள். விடையை வீட்டில் எல்லாரிடமும் சொல்லி, நியாயம்தானா என்று கேட்டுப் பாருங்கள்!